கூடைக்காரப் பெண்களின் வளையப்பந்து

1961 ஜூன் 13, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டில் கூடை சுமக்கும் பெண்களுக்கு மாலையில், ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசிப் பிடிக்கும் வளையப்பந்து சொல்லித் தருகிறேன். வலை வாங்கப் பணம் கேட்டு இன்று ஊர்ப் பணக்காரர்களின் டென்னிஸ் கிளப் செயலாளரிடம் போனேன்.

"சுமை தூக்குறவங்களுக்கு எதுக்கு டீச்சர் தேகப்பயிற்சி?" என்று சிரித்தார். டென்னிஸ் ஆடி வியர்த்த முகம். அறையலாம் போலிருந்தது. பிறகு, "எங்க ஆண்டுவிழாவுல விருந்தாளிங்க முன்னாடி ஆடிக் காட்டட்டும், தரேன்" என்றார்.

கூடைக்காரி ராக்கம்மாளிடம் சொன்னேன். "நாங்க என்ன வித்தை காட்டுற குரங்கா டீச்சர்? இடுப்பு வலி விடுதுன்னுதான் ஆடுறோம். கயித்தக் கட்டி ஆடிக்கிறோம், அந்தாளு காசு வேணாம்" என்று கத்தினாள்.

நானும் சேர்ந்து அந்த ஆளைத் திட்டினேன். ஆனால் அவர் கேட்டதுமே சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள் நான். அதை ராக்கம்மாளிடம் சொல்ல வாய் வரவில்லை.