பறிக்க இன்னும் பத்து நாள் இருந்தது

தம்பி,

உன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அடுப்படி இழுப்பறையில் அந்தச் சின்னக் கத்தரிக்கோல் கிடைத்தது. பிசின் காய்ந்து ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது. சுடுதண்ணீரில் போட்டேன். அந்த வாசம் எழும்பியது. அழுகை வரவில்லை. உன்னை இரண்டு அறை அறையவேண்டும் போல இருந்தது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, அப்படித்தான் இருக்கும்.

உன்னைப் பார்த்துக்கொள்ள நான் ஊரிலிருந்து வந்தபோது, கீமோ ஏற்றிய நாட்களில் ரசத்தண்ணீர்கூட உன் வயிற்றில் தங்கவில்லை. டாக்டரே கடிதம் எழுதிக் கொடுத்தார். கலிபோர்னியாவில் நோயாளி வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம், ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கி இரண்டு வருஷம் ஆகிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, புருஷனை இதே நோய்க்குக் கொடுத்தவள், வேலிக்கு மேலே ஒரு கன்றை நீட்டினாள். தக்காளிச் செடிகளுக்கு நடுவே வாளியில் வைத்தோம். கஞ்சா. நம்ம ஊரில் பேரைச் சொன்னாலே திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆன்ட்டி பேசுவது எனக்குப் புரியாது. ஆனால் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து அவள் காட்டியது உடனே புரிந்தது. பூவின் மேல் பிசின் பனித்துளி மாதிரி மணிமணியாக நின்றது. கண்ணாடியாகத் தெரிந்தால் பொறு, பாலாக வெளுத்தால் பறி. நிலக்கோட்டைக் காட்டில் எட்டு வயதிலிருந்து மல்லிகை மொட்டுப் பறித்தவளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா?

முதலில் முற்றிய உச்சிக் கிளையை மட்டும் வெட்டினேன். வத்தல் போடுகிற புத்தியில் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். ஆன்ட்டி "நோ, நோ" என்று ஓடிவந்து தட்டையே பிடுங்கிக்கொண்டு போய், கிளையை உன் துணி அலமாரி இருட்டில் தொங்கவிட்டாள். ஒரு வாரம் உன் ஆபீஸ் சட்டைகளோடு தொங்கியது.

"ஏன்க்கா, அதுக்கும் ஒரு டை கட்டி விடேன். எனக்குப் பதிலா ஆபீஸ் போயிட்டு வரட்டும்" என்றாய்.

இரண்டு இழுப்பு இழுத்தாய். இருமினாய். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, தயிர்சோறு இருக்கா?" என்றாய். ரெண்டு தட்டு. கையை வேறு நக்கினாய். நான் பாத்திரம் கழுவுவது போலத் திரும்பி நின்றுகொண்டேன்.

மிச்சக் கிளைகள் வெளுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் உன் ஆபீஸ் சிநேகிதன் வந்தான்.

"என்ன மச்சான், பின்னாடி ஸ்கங்க் ஏதாவது பூந்துடுச்சா? இந்த நாத்தம் நாறுது!" என்றான். அது நாற்றம் பீச்சுகிற பிராணி என்று அப்புறம் நீ சொல்லித்தான் தெரியும். செடியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "லூசாடா நீ? கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. ஸ்டேட் சட்டம் வேற, இமிக்ரேஷன் வேற. எவனாவது கம்ப்ளெய்ன்ட் பண்ணா டீபோர்ட்தான்." பிறகு, "காபி சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருகிறேன், வாளி காலி. பாத்ரூமுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறவன், செடியை வேரோடு பிடுங்கி, அலமாரியில் காய்ந்து மிச்சமிருந்ததையும் சேர்த்துக் கறுப்புப் பையில் திணித்துத் தெருவரைக்கும் இழுத்துப் போயிருக்கிறாய். ஈரத் தலையோடு ஓடினேன். குப்பை லாரி தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. நீ நடைபாதையில் உட்கார்ந்திருந்தாய்.

"என்னடா பண்ணிட்ட?"

"உனக்குப் புரியாதுக்கா. திருப்பி அனுப்பிச்சிருவாய்ங்க."

"அனுப்பட்டும்டா. அனுப்புனா போவோம். ஊர்ல எனக்குப் பூப்பறிக்கிற வேலை இல்லையா?"

"ட்ரீட்மென்ட் இங்கதானக்கா இருக்கு."

உன்னைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குள் கூட்டி வந்தேன். நீ சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இந்தக் கோபம் அடங்கமாட்டேன் என்கிறது. ஒரு கையால் கடிதம் கொடுத்து இன்னொரு கையால் மிரட்டுகிற இந்த ஊர் மேல் கோபம். காபி குடித்துவிட்டுப் போனவன் மேல் கோபம். பயப்படத் தெரிந்த உனக்கு, பசிக்கத் தெரியவில்லையே என்று உன்மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம். ஆன்ட்டி தன் டப்பாவிலிருந்து காய்ந்த பூவை எடுத்து நீட்டியபோதும் சின்னப்பிள்ளை மாதிரி வாயை இறுக்கிக்கொண்டாய். அப்புறம் நாற்பது நாள். ஒரு கவளம் உள்ளே போய் நிற்கவில்லை. ஸ்பூனோடு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான்.

நீ போன அன்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"புள்ள பசியோட போகலையே?"

"இல்லம்மா" என்றேன்.

வியாழக்கிழமை விமானம். இனி அவள் முகத்துக்கு நேரே, அவள் கேட்கும்போதெல்லாம் இதைச் சொல்லவேண்டும். நீ பயந்தாயே, அந்த இமிக்ரேஷன் ஆபீஸ்காரர்கள் ஒருத்தரும் வந்து இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை தம்பி. அம்மாதான் கேட்கிறாள்.