புதன் நான்கு மணி வகுப்பு

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். முழங்கால் வலி மிதம்.

வாங்க வேண்டியவை: பேனா இங்க், ரொட்டி, கரப்பான் மருந்து.

முதியோர் மன்றத்தில் என் ஆங்கில வகுப்பு, மாலை நான்கு. வந்தவர்கள்: லீலா, பத்மா, கணேசன். மூன்று பேர். தபால் ஆபீசில் முப்பது வருடம் ஓட்டிய கணேசனுக்கு இன்னும் இறந்தகாலம் பிடிபடவில்லை. ஒரே பிழை ஆறு தடவை. "இந்த வயசுல எதுக்கு மேடம் இறந்தகாலம்?" என்கிறார். பத்மா சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை.

கீழே செயலாளர் சண்முகம் பிடித்துக்கொண்டார். "மேடம், அஞ்சு பேருக்குக் கொறஞ்சா அந்த நேரத்தை வேற வகுப்புக்குக் குடுக்கணும்னு கமிட்டியில பேசிட்டாங்க. உங்களுக்கு ரிஜிஸ்டர்ல அஞ்சு இருக்கு. பயமில்ல."

பயமா? எனக்கா?

வேறு வகுப்பு என்றால் எது என்று தெரியும். வெள்ளிக்கிழமை சௌராஷ்டிர மொழி வகுப்பு. நடத்துகிறவளின் பெயரை முழுதாக எழுத மனமில்லை. சு. என்றே இருக்கட்டும். சுங்குடிக் கடையில் நாற்பது வருடம் சேலை பிரித்துக் காட்டியவள். பத்தாவது தாண்டவில்லை. பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. வீட்டில் பேசுவதைப் பேசிக் காட்டுவதற்குப் பெயர் வகுப்பாம்.

நவம்பர் 7, வெள்ளி

மன்றத்து நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதற்காக மட்டும்தான்.

மாடி வாசலில் இருபத்திரண்டு ஜோடி செருப்பு. எண்ணினேன். உள்ளே சிரிப்புச் சத்தம். கண்டிப்பான வகுப்பில் சத்தம் வராது என்று எங்கள் கான்வென்ட் தலைமை சிஸ்டர் சொல்வார்.

நீல வார் வைத்த செருப்பு லீலாவுடையது. போன மாதம் நான்தான் கூடப் போய் வாங்கினேன்.

படியிலேயே நின்றேன். சு. எதையோ சொல்ல, இருபது பேர் திருப்பிச் சொல்ல, நடுவில் லீலாவின் குரல் தனியாக. "ஆத்தீ, நாக்கு சுளுக்கிக்கிரும் போல!" பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருடமாக என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

லீலா போன். அலங்காநல்லூரில் அண்ணன் வீட்டிலிருந்து கொய்யா வந்திருக்கிறதாம், கொண்டு வரட்டுமா என்றாள். சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை.

"நேத்து எங்க போயிருந்தே?"

"சொல்லத்தான்க்கா நெனச்சேன். மருமக அவுக பாசைலதான பிள்ளகிட்டப் பேசுது. பேத்தியும் அதுலயே பதில் சொல்லுது. நான் நடுவுல பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். அதான் போறேன்."

மகன் சௌராஷ்டிர வீட்டில் பெண் எடுத்தது தெரியும். இது தெரியாது. என் வகுப்பில் சொல்லியிருக்கலாமே. ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும் என்பது என் விதி. அதனால் சொல்லவில்லையோ?

சு.வுக்கு எப்போதே தெரிந்திருக்கும்.

நவம்பர் 12, புதன்

மழை. குடை விரித்தால் கம்பி ஒன்று வெளியே நீட்டுகிறது.

வகுப்புக்கு அதே மூவர். முடிந்ததும் சண்முகத்திடம் கேட்டு வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். நான்கு வாரமாக ஐந்து ஐந்து கையெழுத்து. வேலுச்சாமி முழங்கால் அறுவை முடிந்து பசுமலையில் மகள் வீட்டில் படுத்திருக்கிறார். ஜெயமேரி மகனோடு கோயம்புத்தூரில். இருவரும் ஒரு புதன்கூடத் தவறாமல் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்!

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்திய கண் இது. ஆங்கிலக் கையெழுத்தில் 'ஒய்' எழுத்தின் கால் கீழே சுருண்டு மேலே ஏறுகிறது. இந்த ஊரில் அப்படி எழுதுவது இரண்டு பேர். நான் ஒன்று. நான் சொல்லிக்கொடுத்த லீலா ஒன்று.

பேனாவை எடுத்தேன். எட்டுக் கையெழுத்தையும் அடித்தேன். பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, சண்முகத்திடம் நீட்டினேன்.

"மேடம், இது எதுக்கு? நான் கண்டுக்கலையே."

"நான் கண்டுகொண்டேன்."

நேர்மை என்று எழுத உட்கார்ந்தேன். அது நேர்மை இல்லை. அவள் வெள்ளிக்கிழமை சிரித்ததற்காகத்தான்.

நவம்பர் 13, வியாழன்

காலை பத்து மணிக்கு லீலா. உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றாள்.

"சண்முகம் சார் சொன்னாரு. அடிச்சிட்டீகளாமே."

"கள்ளக் கையெழுத்து போட உனக்கு எப்படி மனசு வந்தது?"

"உங்க வீட்டு சார் தவறிப் போனப்புறம் நீங்க வீட்ட விட்டு வெளிய வந்ததே அந்தப் புதன்கெழம ஒண்ணுக்குத்தான்க்கா. அதுவும் போயிருச்சுன்னா என்ன செய்வீக? வேலுச்சாமி அண்ணன்கிட்டயும் மேரிகிட்டயும் போன்ல கேட்டுட்டுத்தான் போட்டேன்."

"நீ இங்கிலீஷ் படிக்கத்தானே வந்தாய்?"

"எனக்கு எதுக்குக்கா இங்கிலீசு? நீங்க தனியா இருக்கீகன்னுதான் வந்தேன்."

போய்விட்டாள்.

இரண்டு வருடம். நூறு புதன் இருக்கும். அவள் என் மாணவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாதம் குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

மன்றத்திலிருந்து தகவல். புதன் நான்கு மணி இனி சு.வுக்கு. கூட்டம் அதிகமாம், வாரம் இரண்டு வகுப்பாம்.

பேனா இங்க் வாங்கவில்லை. இனி எதற்கு?

நவம்பர் 19, புதன்

வெயில். மூன்று மணிக்கே சேலை மாற்றிவிட்டேன், பழக்கம். மூன்றரைக்கு லீலாவுக்குப் போன்.

"நான் வந்தால் அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா?"

"வாங்கக்கா. ஆனா டீச்சரா வராதீக."

போனேன். கடைசி வரிசை. லீலா முதல் வரிசையில், பக்கத்தில் பத்மா. எழுந்து வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்றைய பாடம், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பது. ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். லீலா கடகடவென்று சொன்னாள். கணேசன்கூடச் சரியாகச் சொன்னார். எனக்கு வாய் திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் பிழை. மூன்றாம் தடவையும்.

"பரவால்லங்க டீச்சர், போகப் போக வந்துரும்," என்றாள் சு. என் முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் இதை நான் சொன்னதில்லை.

என் உச்சரிப்புக்கு அறையே சிரித்தது. லீலாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பி சு.வைப் பார்த்தாள், எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்த அதே பார்வை.

வெள்ளிக்கிழமையும் வகுப்பு. போவேன். அதற்குள் அந்த ஒரு வாக்கியம் வந்தாக வேண்டும்.