சீரோ யாருடைய மூச்சு?

புரட்டாசி, செவ்வாய்.

மூச்சை வைத்துச் சர்க்கரை நோயைச் சொல்லும் என் சென்சாரில் இன்றுதான் முதல்முறையாக வெளியாள் ஊதினார். பக்கத்து லேத் பட்டறை மணி. திரையில் சீரோவுக்கும் கீழே போய் மைனஸ் வந்தது.

"இன்னா சார், மைனஸ் காட்டுது? நான் உசுரோடதானே கீறேன்?"

சர்க்கரை நோயாளியின் மூச்சில் கூடும் அசிட்டோனை மட்டும் பிடிக்கத்தான் டங்ஸ்டன் ஆக்சைடில் குரோமியம் கலந்தேன். கலவை சொதப்பிவிட்டது என்று நினைத்தேன். அவருடைய ஆட்கள் இருவரும் ஊதினார்கள். அவர்களுக்கும் மைனஸ்தான்.

"அப்போ யாரை சார் சீரோன்னு வச்சிகினு கீறீங்க?"

என்னைத்தான். ஆறு மாதமாகத் தினமும் காலையில் நானே ஊதி, இதுதான் நோயில்லாத மூச்சு என்று அதற்குப் பழக்கியிருக்கிறேன். மணியிடம் வயர் லூஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெறும் வயிற்றில் ஊதினாலும் அசிட்டோன் கூடும். ஆனால் நான் தினமும் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஊதுகிறேன்.

நாளை கொரட்டூர் லேபில் ரத்தம் கொடுக்க வேண்டும். என் கலவை தவறாக இருக்கட்டும் என்று இன்றுதான் முதல்முறையாக வேண்டிக்கொள்கிறேன்.

இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன்.