நானும் நுகர்வோர்தான்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வாங்கிய இரண்டாம் மாதமே கிரைண்டர் மோட்டார் கருகிவிட்டது. வாரண்டி இருக்கிறதே என்று கடைக்குப் போனால், முதலாளி அண்ணாச்சி ஆட்கள் முன்னால் சிரிக்கிறார்.

"மாவு வித்துச் சம்பாதிக்குதீங்க. வியாபாரத்துக்கு வாங்குன சாமானுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது, பாத்துக்கிடுங்க."

நேரே தாலுகா கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா, "ஆள் வச்சு நடத்துதீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அரைக்கிறதும் விக்கிறதும் நான் ஒருத்திதான். இதுலதான் சாப்பாடு."

"அப்போ தாராளமா கேஸ் போடலாம். சொந்தப் பிழைப்புக்கு வாங்குனா சட்டம் ஏத்துக்கிடும். வக்கீல்கூட வேண்டாம், நீங்களே பேசலாம்."

திரும்பக் கடைக்குப் போய் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் அண்ணாச்சியே போன் பண்ணினார்.

"மோட்டார் மாத்தித் தாரேன். கேஸ் கீஸ்னு போகாதீங்க."

"ஆள் முன்னால சிரிச்சீங்கல்லா? ஆள் முன்னால வச்சே மாத்திக் குடுங்க. இல்லன்னா கோர்ட்ல பாப்போம்" என்று வைத்துவிட்டேன்.

நாளைக்கு மாவு கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்ல... கோர்ட்டில் நின்று பேச எனக்கு வருமா, தெரியாது. வராவிட்டாலும் போவேன்.