வலை இழுக்கும் படம்

ஆடி வெள்ளி, இரவு.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளைக்கார மீனவர்கள் வலை இழுக்கும் படம் ஒன்று அவர்கள் வீட்டில் உண்டு. அக்கா வீட்டுக்காரர் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் கடலுக்குப் போவார். எங்கள் ஊர் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ அது ஐந்நூறு வருடத்து மரக்கட்டை அச்சு, லட்சத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். பழைய படங்களைச் செப்பனிடுவது என் வேலை. மதியம் அக்காவின் கொழுந்தன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு விலை கேட்க வந்தான். பின்னாலேயே அக்காவும் வந்தார்.

படத்தின் பழுப்பெல்லாம் வயதால் வந்ததில்லை, வார்னிஷ். படகுக்கு அடித்து மிஞ்சியதை வருடந்தோறும் இதற்கும் ஒரு கை பூசியிருக்கிறார்கள். லென்ஸில் கோடெல்லாம் பொடிப் புள்ளிகள். கட்டையில் செதுக்கி அச்சிட்டிருந்தால் கோட்டில் மை இடைவெளியில்லாமல் நிற்கும்.

"இது மெஷின்ல அடிச்ச காப்பி. ஃப்ரேமுக்குத்தான் விலை" என்றேன்.

"போயும் போயும் இதுக்கா இம்மா பேச்சு!" என்று கொழுந்தன் போய்விட்டான்.

"அப்ப இத்த யாரும் கேட்டுக்கினு வரமாட்டாங்கல்ல?" என்றார் அக்கா.

"வரமாட்டாங்கக்கா."

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. நல்ல நீள ஆணி போலிருக்கிறது, வெகுநேரம் அடித்தார்.