புதன்கிழமைப் பாண்

இந்தத் தாள் யாருடைய கையில் அகப்பட்டாலும், தயவுசெய்து வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம். இது அப்பாவுக்கு எழுதுவது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போய்ச் சேராத கடிதம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். விடியும்வரை சும்மா இருந்தால் பயத்தில் எழும்பி ஓடிவிடுவேன் போலிருக்கிறது.

அப்பா,

யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன். காற்று வாவிப் பக்கமிருந்து வருகிறது. அதோடு சந்தியிலிருக்கும் நம் பேக்கரியின் விறகுப் புகையும் வருகிறது. பாண் போடும் யோகன் அண்ணன் வெளிநாடு போனதிலிருந்து போறணை அடுப்பு குளிர்ந்துதான் கிடந்தது. இன்றைக்கு எரிகிறது. அம்மாவுக்குத் தெரியாது.

பேக்கரியின் திறப்பை நான்தான் எடுத்தேன். அம்மா குளிக்கப் போன நேரம் சாவிக் கோர்வையிலிருந்து கழற்றி, பொழுதுபட்டதும் வேலிக்கு மேலால், கடையில் வேலை செய்த விஜயா அக்காவிடம் கொடுத்தேன். இப்போது அவரும் கடை ஓட்டோ ஓட்டிய சலீம் நானாவும் உள்ளே நிற்கிறார்கள். மிச்சமிருந்த ஒரே மூட்டை மாவைக் குழைத்துவிட்டார்கள். பாண் பிழைத்தால் அம்மாவின் மாவைக் களவாக எடுத்து நாசமாக்கியவர்கள் என்ற பெயர்தான் அவர்களுக்கு மிஞ்சும். பாண் வேகுமுன்னமே இந்தப் புகை அம்மாவை எழுப்பிவிட்டாலும் அதே கதைதான்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். காலையில் பட்டினத்துப் பெரிய பேக்கரியிலிருந்து ஓர் ஆள் வருகிறார். நம் கடையை எடுக்கப்போகிறார்கள். அவர்களுடைய பாண் லொறியில் வந்திறங்குமாம். நம் போறணையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளிர்பெட்டி வைப்பார்களாம். விஜயா அக்கா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சி ஆளைப் பார்த்துவிட்டார். இன்னும் பள்ளிக்கூடம் தொடங்காத தன் மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போகப்போகிறார். அந்தப் பட்டினத்து ஆள் வருமுன் விஜயா அக்கா போட்ட பாணை அம்மாவின் கையில் வைக்க வேண்டும்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். கடை நிற்கும் வளவு அவருடைய சீதனம், முடிவும் அவருடையதுதான். அந்த முடிவைச் சொன்ன அன்று குசினி அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன். "போறணைக்கு யோகன், வெளிவேலைக்கு உங்கட அப்பா. ரெண்டு பேரும் இல்லாம நான் என்னத்தெ நடத்துற?" என்றார். நான் உடனே, "விஜயா அக்கா இரிக்கா தானே" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் எத்தனை புதன்கிழமைகள் இருந்தன என்று அம்மாவுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒருமுறை யோகன் அண்ணன் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது கடையும் சேர்ந்து படுத்தது. ஊர் முழுக்கப் பாணுக்கு அலைந்தது. அவர் எழும்பி வந்ததும் நீங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இனிப் புதன்கிழமைகளில் ஆள் மாறுவது என்று சொன்னீர்கள். கவுண்டரில் நிற்கும் விஜயா அக்கா போறணைக்கு. ஓட்டோவில் பாண் கொண்டுதிரியும் சலீம் நானா மா குழைக்க. யோகன் அண்ணன் கவுண்டருக்கு. "ஒருத்தனுக்குக் காய்ச்சலெண்டா கடைக்கும் காய்ச்சல் வரப்படா" என்றீர்கள்.

முதல் புதன் எனக்கு நல்ல நினைவு. சலீம் நானா முழங்கை வரை மாவோடு நின்றார்.

"முதலாளி, இது ஸ்டியறிங் புடிச்ச கை. மா என்ட சொல்லுக் கேக்குதில்ல."

"ஸ்டியறிங் எண்டு நினைச்சே புடிங்க சலீம். திருப்பினாத் திரும்பும்."

"திரும்புது முதலாளி. திரும்பி என்ட சட்டையிலதான் ஏறுது."

அன்றைய பாண் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் குழி விழுந்து வந்தது. பாதி விலை போட்டீர்கள். அப்படியும் விடுவார்களா? "இண்டைக்குப் புதனா? அப்ப ரெண்டு தாங்க, தலகணிக்கு ஆகும்" என்று ஒருவர் கேட்டார். புதன் பாண் என்ற பெயர் ஊரில் அன்றைக்கே நிலைத்துவிட்டது. ஒரு புதன்கிழமை சலீம் நானா மாவுக்கு உப்புப் போட மறந்தார். வாங்கியவர்கள் எல்லாரும் திரும்பி வந்து ஏசினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் அடுத்த நாளும் வந்து, "அந்த உப்பில்லாப் பாண் இரிக்கா? பிரஷருக்கு நல்லாயிருந்திச்சி" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. நின்று யோசித்தீர்கள். அதன்பிறகு தினமும் ஒரு தட்டு உப்பில்லாமல் போட்டோம். ஊரிலிருந்த பிரஷர்காரர் எல்லாரும் நம் வாடிக்கையாகிப் போனார்கள்.

அம்மா அப்போதும் முறுமுறுத்தார். வீணாகும் மாவைக் காட்டி, "படிப்பிக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். நீங்கள் யோகன் அண்ணனைக் கேக் பழகப் பட்டினத்துக்கு அனுப்பியபோது வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

"வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம், பஸ்ஸுக்கும் காசு. பழகினதும் ஆள் பறந்திரும். பாருங்களன்."

"பறந்தாப் பறக்கட்டும். பறக்க முதல் நாலு பேருக்குச் சொல்லிக்குடுத்திட்டுப் பறக்கட்டும்."

திரும்பி வந்த யோகன் அண்ணன் புதன்கிழமைகளில் மற்றவர்களுக்கும் கேக் சொல்லிக்கொடுத்தார். பாணும் பணிசும் மட்டும் விற்ற கடைக்குக் கலியாணக் கேக்கும் பிறந்தநாள் கேக்கும் கேட்டு வந்தார்கள். யோகன் அண்ணன் கவுண்டரில் நின்று பழகியதிலும் ஒரு நன்மை வந்தது. பல்லில்லாதவர்கள் பாணை அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவதை அங்கேதான் அவர் முதன்முதலாகக் கண்டார். அடுத்த நாளே, மேல்தோல் இறுகுமுன் மெதுவாக இருக்கட்டும் என்று, போறணையிலிருந்து ஒரு தட்டைக் கொஞ்சம் முந்தி எடுத்தார். விஜயா அக்காவுக்கும் சூட்டில் நின்ற பிறகு பாண் எப்போது வரும் என்பது சரியாக விளங்கியது. இதோ வருகிறது என்று ஆட்களைக் காக்க வைத்து ஏச்சு வாங்குவதை விட்டுவிட்டார்.

போன கிழமை வகுப்பில் வணிகப் பாடம். ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது செலவா, முதலீடா என்று ரீச்சர் கேட்டார். நான் எழும்பிப் புதன் பாணைப் பற்றிச் சொன்னேன். தலகணி என்றதும் வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, "அப்ப இப்ப கடை எப்படி ஓடுது?" என்று கேட்டார். போறணை குளிர்ந்து கிடக்கிறது என்றேன். அந்தக் கேள்விதான் என்னைத் திறப்பு எடுக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

நீங்கள் போன பிறகு அம்மா புதன்கிழமையை நிறுத்திவிட்டார். மா விலை ஏறியிருந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது. யோகன் அண்ணனுக்குக் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது, நீங்கள் பழக்கிய அந்தக் கேக்கால்தான். அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று, "நான் சொன்னேனா இல்லியா?" என்று கேட்டார். யோகன் அண்ணன் பயணம் சொல்ல வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, விஜயா செய்வா. என்னோட நிண்டு பழகினவ."

"விஜயா காசு வாங்கிச் சிரிக்கச் சரி. போறணை வாயில நிண்டா புருவம் பொசுங்கிரும்."

"என்ட புருவமும் எத்தினையோ தரம் பொசுங்கினதுதான் அக்கா. திரும்ப முளைச்சிட்டு."

அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அம்மா கடைக்கு விலை பேசும்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன். கட்டடம், போறணை, தட்டுகள், கண்ணாடி அலுமாரி, ஓட்டோ எல்லாவற்றையும் சொன்னார். விஜயா அக்காவின் கையைச் சொல்லவில்லை. சலீம் நானா எந்த வீட்டில் எத்தனை மணிக்கு என்ன வாங்குவார்கள் என்று மனதில் வைத்திருப்பதையும் சொல்லவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள். வாங்குகிற ஆளுக்கு அது தேவையில்லை என்று தெரிந்ததும் விற்றிருக்கவும் மாட்டீர்கள்.

திறப்பைக் கொடுத்தபோது வேலியடியில் விஜயா அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"பயமா மனே?"

"ஓம் அக்கா."

"எனக்கும்தான். ஒரு வரிசமாப் போறணையில கை வைக்கல்ல. ஆனா கைக்குப் பயமில்ல புள்ள. அது சும்மா துருதுருக்குது."

பின்னால் சலீம் நானா ஓட்டோவில் சாய்ந்து நின்றார். "பாண் பிழைச்சா நான் வாவிக்குள்ள குதிக்கிறன்" என்றார்.

"நீந்தத் தெரிஞ்ச ஆள் குதிச்சி என்னத்துக்கு நானா? விறக எடுத்து வைங்க."

இப்போது புகை நின்றுவிட்டது, அப்பா. தணலை வாரி வெளியே எடுத்திருப்பார்கள். ஈரச் சாக்கால் போறணைத் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்த்திருப்பார்கள். உடனே கறுத்தால் இன்னும் ஆற விட வேண்டும், மெல்லச் சிவந்தால் பாணை வைக்கலாம். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று பார்த்ததுதான்.

மாட்டினால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் என் வேலை, விஜயா அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, நான் கெஞ்சியதால் வந்தார் என்று சொல்ல இருந்தேன். அவரைக் காப்பாற்ற அதுதான் வழி என்று நினைத்தேன். எழுதிக்கொண்டு வரும்போது அது சரியாகப் படவில்லை. ஒன்றும் தெரியாத ஆள் என்று நானே சொல்லிவிட்டால், அம்மா சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?

பயம் போகவில்லை. ஆனாலும் பாண் சரியாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊர் சிரிக்கச் சிரிக்கக் கோணல் பாணைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வெட்கப்படாமல் நின்றீர்களே, அந்தத் தைரியத்தில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது. பிழைக்க இடம் கொடுத்தால் ஆட்கள் பழகுவார்கள். பழகியவர்கள் மறக்க மாட்டார்கள். படிப்பு முடிந்து நான் எந்த வேலைக்குப் போனாலும், என்னிடம் யார் வேலைக்கு வந்தாலும், இதை விடமாட்டேன்.

வாசம் வருகிறது அப்பா. மேல்தோல் சிவக்கும் வாசம். கருகல் இல்லை. கொஞ்சமும் இல்லை.

அம்மாவின் அறையில் லைட் எரிகிறது. செருப்புச் சத்தம். நடையில் நின்று வாசம் பிடிக்கிறார். இங்கேதான் வருகிறார்.

கதவைத் தட்டுகிறார். "மனே, முழிச்சிரிக்கியா? ஆர் பாண் போடுற?"

விஜயா அக்கா என்று சொல்லப்போகிறேன்.