அக்காவின் ரெண்டு சீட்டு வண்டி

என் செல்ல காயத்ரி அக்காவுக்கு,

ஓடிருச்சுக்கா, உன் வண்டி ஓடிருச்சு, ரெண்டு வருஷமா ரிக் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த உன் செவப்பு வண்டி நேத்து திருச்செங்கோட்டிலிருந்து மேட்டூர் அணை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருச்சு, ஓட்டுனது நான், நானேதான்!

இரு, மூச்சு விட்டுக்கொள்கிறேன். நீ மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த அதே கார் குழுவின் பக்கத்தில்தான் இதைப் போடுகிறேன். உன்னைத் தெரியாத நிறையப் பேர் இப்போது அங்கே சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது.

எங்கள் வீடு போர்வெல் ரிக் வைத்திருக்கும் வீடு. வண்டி என்றால் எங்களுக்குப் பத்துச் சக்கரம், ஏறுவதற்குப் படி, நின்றால் தெருவே மறைய வேண்டும். அந்த வீட்டுக்கு நீ உன் சம்பளத்தில் கோயமுத்தூரில் வாங்கிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். மீட்டர் ரெண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கூரை என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை.

அம்மா வாசலிலேயே கேட்டாள்: "ஏஞ்சாமி, நாலு பேரு இருக்கற ஊட்டுக்கு ரெண்டு பேரு ஒக்கார்ற வண்டியா?"

"மாத்தி மாத்திப் போலாம்மா."

அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுல படுத்துக்கிட்டு ஓட்டோணுமா, ஒக்காந்துக்கிட்டு ஓட்டோணுமா?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை. நீயும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாய்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நீ போன பிறகு வண்டியின் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தார்ப்பாய் எப்போது போர்த்தினார்கள், யார் போர்த்தினார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. போன தீபாவளி முடிந்து ஒரு காலையில் அப்பா இட்லியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ஈரோட்டுக்காரர் ஒருத்தரு அந்த வண்டியக் கேட்டாரு. தை பொறந்ததும் வந்து எடுத்துக்குவாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

நான் இட்லியைத் தட்டிலேயே போட்டேன். "ஏனுங்கப்பா, அக்கா வண்டிங்க அது."

"நிக்கற வண்டி வண்டியில்ல சாமி. பதிவு முடியப் போவுது. ஸ்டார்ட்டும் ஆகல. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"நான் ஓட வெக்கறனுங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ? ஸ்கூட்டிக்குக் காத்துப் புடிக்கவே என்னையத்தான் அனுப்பற."

"ஓட வெச்சுட்டா?"

"வெச்சுட்டு வா. அப்பறம் பேசலாம்."

அக்கா, எனக்கு அன்றைக்கு ஸ்பானரில் நம்பர் போட்டிருப்பார்கள் என்பதே தெரியாது. மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்தேன். பிரேசில்காரன் ஒருத்தன், ஜப்பான்காரர் ஒருத்தர். பாஷை புரியாவிட்டாலும் கை செய்வது புரிந்தது. குழுவில் உன் பழைய கூட்டாளி, மேட்டூர் அஸ்வின் அண்ணன், வீடியோ காலிலேயே கூட நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய பெட்ரோல் எவ்வளவு இருக்குது?"

"அக்கா எப்பவும் கொஞ்சமாத்தான் போடுவா. வண்டி லேசா இருக்கோணும்பா."

குழாய் விட்டு இறக்க ஆரம்பித்தேன். ஒரு கேன் நிறைந்தது. இன்னொரு கேன். இன்னொன்று. அஸ்வின் அண்ணன் போனுக்குள்ளிருந்து, "ஏம்மா, டேங்க்கா இல்ல காவேரியா?" என்றார். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. நிறம் தேநீர் மாதிரி, வாடை வார்னிஷ் மாதிரி. பெட்ரோலை இழுக்கிற பம்ப் பிசினாக ஒட்டிக் கிடந்தது. அதை இன்ஜினுக்குள் பீச்சுகிற இன்ஜெக்டரும் அப்படியே. நீ நிரப்பியிருக்கமாட்டாய் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் யோசிக்க நேரமில்லை. தை வந்துகொண்டிருந்தது.

பம்ப் மாற்றினேன், இன்ஜெக்டரைச் சேலத்தில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். ஆயில், பிளக், பெல்ட், பாட்டரி எல்லாம் புதுசு. பிளக் கழற்றிய ஓட்டை வழியாக, போனில் மாட்டுகிற ஒரு குட்டிக் கேமராவை சிலிண்டருக்குள் விட்டேன். பிஸ்டன் உரசி உரசி உள்சுவர் தேய்ந்திருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

அக்கா! உள்ளே சுவரில், கம்பெனியில் வைத்துத் தேய்த்த அந்தக் குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவே, அவை அப்படியே இருந்தன! ரெண்டு லட்சம் கிலோமீட்டர். எத்தனை கோடித் தடவை அந்தப் பிஸ்டன் ஏறி இறங்கியிருக்கும்? அந்தக் கோடு அழியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கறாப்பல இருக்குது."

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். போர்வெல்லுக்குள் கேமரா விட்டு வறண்டதா, சரிந்ததா என்று பார்க்கிறவர் அல்லவா? படத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "செவுரு கெட்டியா இருக்குது," என்றார். போனைத் திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று.

ஸ்டார்ட் ஆன காலையைச் சொல்லட்டுமா? ரெண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அம்மா கையில் மாவோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். நீதான் வந்துவிட்டாய் என்று ஒரு கணம் நினைத்திருப்பாளோ?

உற்சாகத்தில் கியரைப் போட்டு வெளியே எடுத்தேன். களத்து மேட்டுக்கு இறங்குகிற சரிவு உனக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தேன். நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன். வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டே போய், எருமைக்கு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டுப் போருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. எனக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. எருமைக்குத்தான் கோபம்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், நாலு பிரேக் டிஸ்க்கிலும் கறுப்பாக ஒரு படலம். அழுக்கு என்று நினைத்து விரலால் வழித்தேன். கிரீஸ்! பிரேக் பிடிக்கிற இடத்தில் கிரீஸ்! நான் பார்த்த வீடியோ ஒன்றிலும் 'டிஸ்க்கில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்' என யாரும் சொல்லவில்லை. உலகத்தில் யாரும் அங்கே தடவமாட்டார்கள் என்பதால்.

"எந்தப் புத்திசாலி பண்ணுன வேலை இது?" என்று கத்தினேன். அப்போதுதான் விரலை மோந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியும். போர் போடும் ரிக் ராடுகளை முறுக்கி இணைக்கிற மரையில் தடவுகிற கிரீஸ். அப்பா சட்டையைத் துவைத்தாலும் போகாதே, அந்த வாடை.

அப்பா சோளத்தட்டை உருவி எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்கப்பா, இது நீங்களா?"

"பளபளன்னு இருந்துச்சு சாமி. மழக்காலத்துல துருப்புடிச்சிரும்னு ஒரு கை தடவுனேன்."

"டேங்க்கு?"

"நிக்கற வண்டிக்கு டேங்க்கக் காலியா உடக்கூடாது. உள்ள வேர்த்துத் தண்ணி எறங்கிரும். ரிக்குக்கு அப்பிடித்தான பண்றம்?"

டீசலுக்கு அது சரி, அக்கா. மழைக்காலத்தில் ரிக் நிற்கும்போது நம் ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். பெட்ரோல் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. பிரேக் டிஸ்க்கும் ரிக் ராடும் ஒன்று என்று நினைத்திருக்கிறார். வண்டி ஓடாமல் போனதே அவர் பார்த்துக்கொண்டதால்தான்.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "வாரா வாரம் ஷெட்டுக்குள்ள போயி ஒக்காந்துக்குவாரு. ரிக்கு சாமான எண்ணறாருன்னு நெனச்சேன்."

"அப்பறம் எதுக்குங்கப்பா விக்கறீங்க?"

"இத்தன பாத்தும் ஸ்டார்ட் ஆகல சாமி," என்றார் அப்பா. "அதைய எத்தன நாளைக்குப் பாக்கறது?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

டிஸ்க்கைக் கழுவித் தேய்த்தேன். பிரேக் பேடு கிரீஸில் ஊறிப்போயிருந்ததால் எப்படியும் மாற்ற வேண்டும். மாற்றுவது என்றானபின் ஒரு படி நல்லதாகவே போட்டுவிட்டேன். பழைய ரப்பர் பிரேக் குழாய்க்குப் பதிலாக ஸ்டீல் வலை பின்னிய குழாய். புது டயர். உன் சத்தக்கார சைலன்சரைக் கழற்றி, நீ பரணில் வைத்திருந்த ஒரிஜினலை மாட்டினேன். திட்டாதே, பதிவு புதுப்பிக்கிற சோதனைக்குப் போக வேண்டுமே! அதிகாரி குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "பிரேக்கு அருமையா புடிக்குதும்மா, ஆரு வேலை பாத்தது?" என்றார். "நானும் அப்பாவுமுங்க," என்றேன். பொய்யில்லையே?

பதிவு புதுப்பித்தாகிவிட்டது. நான் குதித்துக்கொண்டு வந்து காகிதத்தை நீட்டினால், அப்பா, "நல்லதாப் போச்சு. ஓடற வண்டின்னா ஈரோட்டுக்காரருக்கும் சந்தோசந்தான்," என்றார். "வாக்குக் குடுத்தது குடுத்ததுதான சாமி."

அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்குக் கேட்டிருக்கும்.

பொங்கல் முடிந்தது. ஈரோட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை அப்பாவிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு வாட்டி ஒக்காருங்கப்பா. அவ கூப்புட்டு நீங்க போகவே இல்லீங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைய ஒரு காலை வைத்து, தலையை இடித்து, அப்படியே விழுந்து உட்கார்ந்தார். "தரையில ஒக்காந்தாப்பல இருக்குது," என்றார். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "பெல்ட்டப் போடுங்க, வயசுப் பையனாட்டம் இருக்குது," என்று சிரித்தாள். ரெண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

சங்ககிரி தாண்டும் வரைக்கும் அப்பா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். லாரிகள் எல்லாம் மலை மாதிரி தெரிந்தன. "நாம ஓட்டற வண்டி கீழிருந்து பாத்தா இப்பிடித்தான் இருக்குமா?" என்றார். மேட்டூர் ரோட்டில் வெறிச்சென்று ஒரு நீள ஏற்றம் வந்தது. மூன்றாம் கியர். மிதித்தேன்.

அந்த இன்ஜின் உனக்குத் தெரியும், பாதி வரைக்கும் சாதுவாக வரும். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் ஆறாயிரத்தைத் தாண்டும்போது உள்ளே வால்வுகள் வேறொரு ஆட்டத்துக்கு மாறும். சத்தம் மாறும். சத்தம் இல்லை அது, அக்கா, பாட்டு. ஒரு மனுஷன் செய்த பொருளுக்குள்ளிருந்து இப்படி ஒரு குரல் வருமா? கழுத்து மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. அத்தனை தூரம் ஓடிக் களைத்த இரும்பு, ரெண்டு வருஷம் தூங்கி எழுந்து, நேற்றுப் பிறந்தது மாதிரி கத்துகிறது!

ஏற்றத்தின் உச்சியில் மிதியிலிருந்து காலை எடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். அப்பா டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இத்தன நாளும் அவ இதையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாளா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"இன்னொருக்கா பண்ணு."

பண்ணினேன். மேட்டூர் போகிற வரைக்கும், இடம் கிடைத்தபோதெல்லாம் பண்ணினேன்.

அணைக்குக் கீழே மீன் வறுவல் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அஸ்வின் அண்ணன் வந்து வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்சம் தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். காற்றில் எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, நான் திருச்செங்கோட்டுல இருந்து பேசறனுங்க. அந்தச் செவப்பு வண்டிங்க... ஆமாங்க, ஓடுதுங்க. இல்லீங்க, ஞாயித்துக்கெழம வர வேண்டாமுங்க. வாக்குக் குடுத்துட்டு மாறறது தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோணும். அது என்ற புள்ளைங்க வண்டிங்க."

புள்ளைங்க என்றார், அக்கா. என் ஒருத்தியை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல் ரோட்டில் எங்காவது, டீக்கடையிலோ டோல்கேட்டிலோ, சிவப்பு ரெண்டு சீட்டு வண்டியில் சத்தமாகப் பாடிக்கொண்டு போன ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், உங்கள் கூட்டாளிகளுக்கும் இதை அனுப்பிக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் பார்க்காத உன்னை அவர் பார்க்கட்டும்.

உனக்கு என் வாக்கு இது, அக்கா: இந்த வண்டியை நிற்க விடமாட்டேன். வாரம் ஒரு நாள் முள் ஆறாயிரத்தைத் தொடும். அந்த நேரம் பக்கத்துச் சீட்டில் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள், மாத்தி மாத்தி.

உன் கூடப் பிறந்தவள், கிரீஸ் கையோடு,
உன் தங்கச்சி பவி